உன் அம்மாவின் ‘வாங்க’

பிரபு,

இரண்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பாய். புது கம்பெனி, புது ஊர், பெங்களூரில் பெரிய பொறுப்புக்குப் போன பையனுக்கு வில்லியனூர் அப்பனோடு பேச நேரம் இருக்காது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மூன்றாவது முறை கூப்பிட விரலை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பாத்திரத்தில் பேர் வெட்டிப் பழகிய கை, காகிதத்திலும் எழுத்து கொஞ்சம் அழுந்தித்தான் விழும். பாதியில் விட்டுவிட்டு, ‘என்னப்பா விஷயம், சுருக்கமா சொல்லு’ என்று கேட்காதே. உன் சித்தி சாந்தாவின் உயிர் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டிவிட்டதில் எனக்குப் பாதி பங்கு, உனக்குப் பாதி. என் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கடையில் நான் எப்போதும் உள்ளே, பேர் வெட்டுகிற மிஷினோடு. வாசலில் நிற்பது உன் அம்மா. யார் படியேறினாலும் ‘வாங்க’ என்பாள். ‘வா’வைக் கொஞ்சம் நீட்டி, ‘ங்க’வைச் சிரித்துக்கொண்டே விடுவாள். வழியில் எத்தனையோ கடை இருக்க, பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு மீன்காரக் குடும்பம் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க நம்மிடம்தான் வந்தது. “அந்தம்மா கூப்ட்டா திரும்பிப் போவ மனசு வரல” என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார். அவளிடம் ஒரு கண்டிப்பும் உண்டு. கடைக்கு வராமல் நின்றுபோனவர்களை வழியில் பார்த்தால் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். எதிர்க்கடைப் பையோடு போன ஒரு பெண்ணிடம், “இன்னாம்மா, நம்ம கட பக்கமே காணோம்?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அந்தப் பெண் முகம் சுருங்கி, பையை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு எனக்கு வீட்டில் நல்ல டோஸ். “வந்தா வாங்கன்னு சொல்லு, வரலன்னா வுட்டுடு. ஏன் வரலன்னு கேக்கறது போலீஸ்காரன் வேல. நாம பாத்திரந்தான விக்கறோம்?” என்றாள் உன் அம்மா. இதை நீ மறக்காமல் வைத்துக்கொள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

எதிரில் அந்த இரண்டாவது பாத்திரக்கடை வந்தபோது நான் செய்த தப்பை உன்னிடம் சொன்னதில்லை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். ராஜம் என்று ஒரு அம்மா, ஊரில் எந்தக் கல்யாணம் நிச்சயமானாலும் அந்த வீட்டாரை நம் கடைக்கு அழைத்து வருவார். யாரும் சொல்லி அல்ல, நம் பாத்திரம் கனமாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. உன் அம்மா அவருக்குக் காபியும் ஒரு முழம் பூவும் கொடுப்பாள், அதோடு சரி. எதிர்க்கடைக்காரர் ராஜத்துக்கு ஒரு சொம்பு கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை, குடம் கொடுத்தேன். அவர் குத்துவிளக்கு கொடுத்தார். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் ராஜம் பஸ் ஸ்டாண்டில் நின்று முகம் தெரியாதவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வர ஆரம்பித்தார், காலையில் எனக்கு, சாயங்காலம் எதிர்க்கடைக்காரருக்கு. நானும் புதிதாக வருகிறவர்களை எதிர்க்கடை கொத்திக்கொண்டு போய்விடுமோ என்று அவர்கள் பின்னாலேயே ஓடினேன், பழைய வாடிக்கைக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ராஜம் ‘நல்ல கடை’ என்று சொன்னால் ஊரே சிரித்தது. பிறகு கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு மனுஷியின் சொல்லை இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்து தின்று தீர்த்தோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால்தான், நீ சென்னையில் ஆன்லைன் கம்பெனியில் சேர்ந்து உன் வேலையை விளக்கியபோது எனக்கு ராஜத்தின் முகம் நினைவுக்கு வந்தது. ஒருத்தர் இன்னொருத்தரை ஆப்பில் சேர்த்துவிட்டால் இருவருக்கும் புள்ளி, விடாமல் அங்கேயே வாங்கினால் இன்னும் புள்ளி, அவர்களை அழைக்கிற தமிழ் வாசகங்களை எழுதுவது நீ. நல்ல வேலைதான் என்று சொல்லிவைத்தேன். ஒரு பொங்கல் லீவில் நீ அம்மாவைக் கடை வாசலில் நிற்க வைத்து, போனை அவள் வாயருகே நீட்டி, “எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லும்மா” என்றாய். அவளுக்குக் கூச்சம், முதலில் இருமினாள். பிறகு, “வாங்க” என்றாள். நீ குதித்துவிட்டாய். “வான்னும் அர்த்தம், வாங்கிக்கன்னும் அர்த்தம். கூப்புடறதும் விக்கறதும் ஒரே வார்த்தைல! வேற எங்க கெடைக்கும் இது?” என்றாய். முப்பது வருஷமாக அந்தச் சொல்லை வைத்துப் பிழைத்த எங்களுக்கு அதுவரை அது தோன்றியதே இல்லை. அவள் சொன்னது அந்த ஒரே சொல். நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும்.

அந்தக் குரல் உன் கம்பெனிக்குப் பிடித்துப்போயிற்று. நம் பக்கத்தில் யார் யாரை ஆப்புக்கு அழைத்தாலும், அழைக்கப்பட்டவர் போனில் அழைத்தவர் பேர் வரும், கூடவே உன் அம்மாவின் ‘வாங்க’ ஒலிக்கும். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிற பெண்களையெல்லாம் போனை வாங்கி ஆப்பில் சேர்த்தாள், தங்கை சாந்தாவையும் சேர்த்தாள். “நம்ம கடைக்கு வர்றவங்கள நீயே வெளிய அனுப்பறியே, நல்லா இருக்குதா?” என்று நான் சீண்டினால், “புள்ள கம்பெனிங்க. நாம சேக்கலன்னா வேற யாரு சேப்பாங்க?” என்பாள். ஆனால் ஒருநாள் நாங்கள் பாகூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது, பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் கூடைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. ‘வாங்க.’ உன் அம்மா என் கையைப் பிடித்தாள். “நான் இங்க ஒக்காந்துக்குனு இருக்கறன். அங்க யாருங்க கூப்புடறது?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் பாகூரில் இறங்கும்வரை என் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. ஆடி மாதம், பட்டப்பகலில், வாசலில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததுதான். பால் தெளித்துவிட்டு வந்த நாளையும் நீ மறந்திருக்க மாட்டாய். மதியம், கூடம் நிறையப் பெண்கள். சாவு வீட்டில் வருகிறவர்களை ‘வாங்க’ என்று யாரும் சொல்வதில்லை, போகிறவர்களும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். அந்த மௌனத்தில் ஒரு பெண்ணின் மடியிலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. ‘வாங்க.’ அடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் பையிலிருந்து. அடுத்து வாசலிலிருந்து. கூடத்தைச் சுற்றிச் சுற்றி அவள் கூப்பிட்டாள், ஒவ்வொரு போனிலும் ‘மங்கை அழைக்கிறார்’ என்று எழுத்து. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் எழுந்து போனார்கள், ஒருத்தி செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டாள். நீ வெளியே போய் ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டு வந்து, “எதிர்க் கம்பெனி இந்த வாரம் நம்ம ஏரியாவுல எறங்கிட்டான்பா. அதனால நெறைய பேர சேத்தவங்க பேர்ல எல்லாருக்கும் அழைப்பு போயிருக்கு. ஆட்டோமேட்டிக். யாரும் அனுப்பல” என்றாய். யாரும் அனுப்பாத அழைப்பு என்று ஒன்று உண்டா என்று கேட்க நினைத்தேன், உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

இனிமேல் வராது என்று சொல்லிவிட்டு நீ சென்னைக்குப் போனாய். நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய் இறப்புச் சான்று வாங்கி, ரேஷன் கார்டில் அவள் பேரை எடுத்தேன். அதற்கெல்லாம் படிவம் இருக்கிறது. உங்கள் ஆப்பில் மட்டும்தான் செத்தவர்களுக்குப் படிவம் இல்லை. நான் பேர் வெட்டிக் கொடுத்த குண்டான்கள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன, அதில் பேர் இருக்கிறவர்கள் பாதிப் பேர் இன்று இல்லை. அந்தக் குண்டானில் சோறு வடிக்க யாரும் பயந்ததில்லை. பேர் அங்கே சும்மா இருக்கும், கூப்பிடாது. ஆனாலும் அவள் போனை நான் அணைக்கவில்லை பிரபு. தினமும் சார்ஜ் போட்டேன், ரீசார்ஜ் செய்தேன். இங்கிருந்துதான் என் தப்பு தொடங்குகிறது.

முதலில் கடைத்தெருவில் யாராவது யாரையாவது அழைத்து அந்தக் குரல் வந்தால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஒரு மாதம் கழித்து அதைக் கேட்பதற்காகவே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ரேஷன் கடை வரிசையில், டீக்கடையில், யாரோ ஒரு காலேஜ் பெண்ணின் பையில், ‘வாங்க.’ கேட்டுவிட்டு வந்து சாப்பிடுவேன். பிறகு அது குறைய ஆரம்பித்தது. எதிர்க் கம்பெனியின் மஞ்சள் வண்டிகள் சந்துக்குச் சந்து வந்தன, ஆளைச் சேர்த்தால் இரண்டு மடங்கு புள்ளி என்றார்கள், ஜனங்கள் உன் ஆப்பை எடுத்துவிட்டு அதற்கு மாறினார்கள். அங்கே ஏதோ மணிச் சத்தம்தான். ஒரு போன் மாறினால் உன் அம்மா பேசுகிற இடம் ஒன்று குறைந்தது. உனக்கு அது வியாபாரம், எனக்கு அவள் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது தடவை சாகிற மாதிரி இருந்தது. அதனால் என் சொந்தக் கடையில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் உன் ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். “இன்னா மொதலாளி, உங்க வியாபாரத்தயே கெடுக்கற ஆப்புக்கு நீங்களே ஏஜென்டா?” என்று சிரித்தார்கள். ராஜம் பஸ் ஸ்டாண்டில் நின்ற கோலத்தில்தான் என் கடைக்குள் நானும் நின்றேன்.

அப்போதுதான் அவள் போனில் ஒரு செய்தி வந்தது. ‘மங்கை, உங்கள் தோழிகள் பலர் நம்மை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைக்கலாமா?’ கீழே ஒரு பட்டன், ‘எல்லோரையும் அழை’. போன தீபாவளிக்கு நீ சொன்னது எனக்கு நினைவிருந்தது. “ரெண்டு கம்பெனியும் ஒரே ஆளுங்களத்தாம்பா இழுக்குது. புதுசா சேர யாரும் மிச்சம் இல்ல. இனிமே போனவங்கள திருப்பிக் கூப்புடறதுதான் வேல” என்றாயே. நான் அந்தப் பட்டனை அழுத்தினேன். போனவர்கள் திரும்பி வந்தால் அவள் குரலும் திரும்பி வரும் என்ற ஒரே எண்ணம்தான். ஒரு தடவை அழுத்தினால் மூன்று நாள், தினம் ஒரு முறை, எல்லோரையும் அது கூப்பிடும் என்று எனக்குத் தெரியாது. சாந்தாவும் அந்த ‘எல்லோரில்’ ஒருத்தி என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

உன் அம்மாவும் சித்தியும் பிறந்தது காட்டேரிக்குப்பம். பேயின் பேரையே ஊருக்கு வைத்துக்கொண்டவர்கள் என்று நான் கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்வேன். சின்ன வயசில் உன் அம்மா தங்கைக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆளைக் காணாமல் குரல் மட்டும் கூப்பிட்டால், முதல் தடவையும் இரண்டாம் தடவையும் பதில் சொல்லக் கூடாது. பேய்க்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது, மூன்றாவதாகக் கூப்பிடுவது மனுஷர்தான். இங்கே நான் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாலும் அவள் மூன்றாவது தடவைதான் ‘இன்னா’ என்பாள், எனக்கு எரிச்சலாக வரும். “நீங்க மனுசன்தானான்னு தெரிய வேணாமா?” என்று சிரிப்பாள். சாந்தா அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருக்கிறாள், அந்தப் பழக்கமும் அவளோடு இருக்கிறது. அவள் போனில் உன் அம்மாவின் நம்பர் ‘அக்கா’ என்று பதிந்திருக்கிறது. நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறவர்களுக்கு உங்கள் ஆப் அந்தப் பேரையே காட்டுமாம். முதல் நாள், ‘அக்கா அழைக்கிறார்’, கூடவே குரல், ‘வாங்க.’ சாந்தா போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். இரண்டாம் நாளும் டப்பாவுக்குள்ளிருந்து கூப்பிட்டது, அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாளும் கூப்பிட்டது. எடுத்துப் பார்த்தாள். கீழே ‘இதோ வரேன்’ என்று ஒரு பட்டன், நீ எழுதியதாகத்தான் இருக்கும். மூன்றாவது அழைப்பு மனுஷர் அழைப்பு என்று நம்பி அதை அழுத்திவிட்டாள்.

நான்கு நாள் கழித்து உன் சித்தப்பா எனக்குப் போன் செய்தார். “அண்ணே, இவ சாப்புடவே மாட்றா. பையி கட்டி வெச்சிக்குனு வாசல்ல ஒக்காந்துக்குனு இருக்கா. அக்காளுக்கு வரன்னு வாக்கு குடுத்துட்டாளாம்” என்றார். அடுத்த ஆட்டோவில் பத்துக்கண்ணு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து வயலில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது, சாந்தா வாசலில் ஒரு ஸ்டூலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் முகம். என்னைப் பார்த்து, “நீங்களா கூட்டிக்குனு போவ வந்தீங்க மாமா? அவ வருவான்னு பாத்தன்” என்றாள்.

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். “சாந்தா, அது நான்மா. நான்தான் உங்கக்கா போன்ல பட்டன அமுக்கிட்டன். அது ஆப்பு கூப்ட்டது.” அவள் தலையை ஆட்டினாள், பெரியவர்கள் சின்னப் பிள்ளையின் சமாதானத்தைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. “அமுக்கனது நீங்க மாமா. பேசனது அவதான? அவ கொரல் எனக்குத் தெரியாதா? மூணு தபா கூப்ட்டா. மொத ரெண்டுக்கும் நான் பேசலியே.” பேசியது அவள்தானே. பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு புடவை, வெற்றிலைப் பொட்டலம், கொடுக்கிறவள் பேராக ‘மங்கை’ என்று நான் என் கையால் வெட்டி, சாந்தா கல்யாணத்துக்குக் கொடுத்த டிபன் டப்பா. அந்த டப்பாவில் அக்காளுக்காகக் கொழுக்கட்டை செய்து வைத்திருந்தாள், நான்கு நாளில் அது புளித்துப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் சித்தப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. “சரி, வரன்னு சொல்லிட்ட. உங்கக்கா எங்க வரச் சொன்னா? வூட்டுக்குத்தான? எழுந்திரு, போலாம்” என்றேன். ஆட்டோவில் ஏற்றி வில்லியனூருக்கு அழைத்து வந்தேன். வழியெல்லாம் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டேன், பக்கத்து ஓட்டலில் வாங்கிய சாம்பார் சாதம்தான், நானே பரிமாறினேன். “மங்க, உன் தங்கச்சி வந்துட்டா. கூப்ட்ட, வந்துட்டா. சாப்புடறா பாரு” என்று படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். சாந்தா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை இலையில் வைத்தாள். முழுக்கச் சாப்பிட்டாள், தண்ணீர் கேட்டாள். ஒரு வாரம் இருந்து, முகம் தெளிந்து ஊருக்குத் திரும்பினாள். கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்ததில் நான் செய்த ஒரே நல்ல வியாபாரம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போன அன்றைக்கே உன் அம்மாவின் கணக்கை ஆப்பிலிருந்து எடுக்கப் போனேன். ‘ஏன் போகிறீர்கள்?’ என்று கேட்டது. விலை அதிகம், பொருள் தாமதம், வேறு ஆப் பிடித்திருக்கிறது, வேறு ஊருக்குப் போய்விட்டேன், இந்த நான்குதான் இருந்தன. நான்காவதைத் தொட்டேன். ‘கவலை வேண்டாம், அங்கேயும் நாங்கள் இருக்கிறோம்’ என்று எழுத்து வந்தது, கூடவே அவள் குரல், ‘வாங்க.’ மேலும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அது விட்டது. சாந்தாவின் போனிலிருந்தும் அந்த ஆப்பை எடுக்கச் சொல்லி உன் சித்தப்பாவிடம் சொன்னேன். உன் அம்மாவின் போனையும் அணைத்து, பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் நீ எதிர்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாய், இனிமேல் உன் அம்மாவின் குரலை நீயும் விட்டுவிடுவாய் என்று ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இன்று காலை கடை திறக்கும்போது சாந்தா வாசலில் நின்றாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள், தோளில் அதே பை, கையில் உன் சித்தப்பாவின் போன். அவர், நீ இப்போது சேர்ந்திருக்கிற அந்த மஞ்சள் வண்டிக் கம்பெனி ஆப்பில் மருந்து தெளிக்கிற மிஷின் ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. நேற்றிலிருந்து அது அவரைக் கூப்பிடுகிறதாம். சாந்தா போனை என்னிடம் நீட்டினாள், நீட்டும்போதே அது பேசிற்று. ‘வாங்க.’ அதே நீட்டல், அதே சிரிப்பு. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்று, அதே குரலில், உன் அம்மாவின் குரலில், “ஏன் இன்னும் வரல?”

பிரபு, உன் அம்மா அதைச் சொன்னதே இல்லை. உன் போனில் அவள் விட்டுப்போனது ஒரு சொல். உயிரோடு இருந்தவரை அவள் யாரையும் கேட்காத கேள்வி, என்னையும் கேட்க விடாத கேள்வி, அதை இப்போது அவள் வாயாலேயே கேட்க வைத்திருக்கிறார்கள். ஒரு சொல் கிடைத்தால் மீதியையும் அந்தக் குரலில் மிஷினே பேசிவிடும் என்று நீதான் எனக்கு ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னாய். அந்த ஒரு சொல் உன்னிடம்தான் இருந்தது. வேலை மாறும்போது அம்மாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாயா? இதற்கு எனக்கு ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும். ஆமாம் என்றால் உன்னைத் திட்ட மாட்டேன். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றவன், உனக்கும் அவள் குரல் வேண்டியிருந்திருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் எடுத்துவிடு. எதிராளி என்ன செய்கிறான், இவன் என்ன செய்கிறான் என்று பார்க்காதே, அப்படிப் பார்த்துத்தான் நான் ராஜத்தைக் கெடுத்தேன். வேலை போனால் போகட்டும், இங்கே பேர் வெட்டுகிற மிஷின் இருக்கிறது, எனக்குக் கண் மங்கிவிட்டது, நீ வெட்டு.

மூன்றாவது முறை ஏன் போன் செய்யவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். பேய்க்கு மூன்றாவது தடவை கூப்பிடத் தெரியாமல் இருந்தது, நீங்கள் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். இனி நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் கூப்பிடுவது நான்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வர வேண்டும் என்று உன்னை அழைக்கிற அந்தச் சொல்லையும் என்னால் இங்கே எழுத முடியவில்லை, கை அதன் மேல் நிற்க மாட்டேன் என்கிறது. சாந்தா கூடத்தில் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இலை போட்டேன், தொடவில்லை. பையை மடியிலிருந்து இறக்க மாட்டேன் என்கிறாள். நான் இதை எழுத எழுத, நடு நடுவே என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாள், அழாமல், வழி கேட்கிற மாதிரி. “நான்தான் வந்துட்டனே மாமா. வூட்டுக்கும் வந்தன், சாப்பாடும் சாப்ட்டன். இன்னும் எங்க வரச் சொல்றா?”

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும், நீ சொல்.

அப்பா